லண்டனில் 4 நாள், 17 இடம்: இந்தத் திட்டம் தேறுமா?

பயணப்பை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். அக்டோபர் கடைசி வாரம் குடும்பத்தோட லண்டன் போறோம். நான், மனைவி, ஒன்பது வயசுப் பையன், அறுபத்தெட்டு வயசு அம்மா. போற நாள், வர்ற நாள் போக முழுசா நாலு நாள் கையில இருக்கு. இப்படிப் பிரிச்சிருக்கேன்:

முதல் நாள்: பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, வெஸ்ட்மின்ஸ்டர் அபே, பிக் பென், லண்டன் ஐ.
இரண்டாம் நாள்: நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம், சயின்ஸ் மியூசியம், விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம், பக்கிங்ஹாம் அரண்மனை.
மூன்றாம் நாள்: டவர் ஆஃப் லண்டன், டவர் பிரிட்ஜ், செயின்ட் பால்ஸ், டேட் மாடர்ன், ஷார்ட்.
நான்காம் நாள்: கிரீனிச், பிரிட்டிஷ் லைப்ரரி, மேடம் டுசாட்ஸ்.

ஒவ்வொண்ணுக்கும் ஒன்றரை மணி நேரம் போட்டிருக்கேன். எக்செல்ல கச்சிதமா உக்காருது. எல்லா இடத்துக்கும் சேர்த்து ஒரு பாஸ் வாங்கிடலாமான்னும் சொல்லுங்க. அம்மாவுக்கு முட்டி கொஞ்சம் தகராறு, மத்தபடி நடப்பாங்க.

---

கடைசிப்பெட்டி

எக்செல்ல உக்காருது. அம்மா எங்க உக்காருவாங்க?

---

தேம்ஸ்கரை

தம்பி, நான் இஞ்ச வந்து இருபத்திரண்டு வருசம். வாற விருந்தாளியளைக் கூட்டிக்கொண்டு திரியிறதுதான் என்ர வார இறுதி உத்தியோகம். அதால கொஞ்சம் நீளமா எழுதுறன், கோவிக்க வேண்டாம்.

முதல் விசயம், அக்டோபர் கடைசிக் கிழமை இஞ்ச பள்ளிக்கூடங்களுக்கு அரைத்தவணை லீவு. லண்டன்ல இருக்கிற பிள்ளையள் எல்லாம் அப்பா அம்மாவை இழுத்துக்கொண்டு நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துக்குத்தான் வருங்கள். வரிசை வெளியில தெருவால போகும். டைனோசர் பாக்க வேணுமெண்டால் காலமை பத்து மணிக்குக் கதவு திறக்கேக்க நீங்கள் வாசல்ல நிக்க வேணும். பதினொரு மணிக்கு வந்தால் பாதி நாள் போச்சு. உள்ளுக்குப் போக காசில்லை, எண்டாலும் இணையத்தில நேரம் பதிஞ்சுகொண்டு போங்கோ. சயின்ஸ் மியூசியத்துக்கும் அப்பிடித்தான்.

இரண்டாவது, வெள்ளிக்கிழமையை வீணாக்காதேங்கோ. மற்ற நாளில இந்தப் பெரிய மியூசியங்கள் பின்னேரம் அஞ்சு, ஆறு மணிக்குள்ள பூட்டிப்போடுவினம். வெள்ளியில மட்டும் பிரிட்டிஷ் மியூசியம் இரவு எட்டரை வரைக்கும், நேஷனல் கேலரி ஒன்பது வரைக்கும், விக்டோரியா ஆல்பர்ட் பத்து வரைக்கும் திறந்திருக்கும். ஆறு மணிக்குப் பிறகு பள்ளிக்கூடப் பிள்ளையளும் இல்லை, சுற்றுலாப் பஸ்ஸுகளும் இல்லை. நான் ஆக்களைக் கூட்டிக்கொண்டு போறது வெள்ளி இரவிலதான்.

மூன்றாவது, அம்மாவுக்கு நிலக்கீழ் ரயில் வேண்டாம். கன ஸ்டேஷன்ல லிஃப்ட் இல்லை, படிதான். பஸ்ஸில போங்கோ. 15-ம் நம்பர் டிரஃபால்கர் சதுக்கத்தில இருந்து செயின்ட் பால்ஸைத் தாண்டி டவருக்குப் போகும். 14-ம் நம்பர் விக்டோரியா ஆல்பர்ட் வாசலால போகும். மகனை மேல்தட்டில முன் சீட்டில இருத்தினால் அதுவே அவனுக்கு ஒரு காட்சி. பஸ்ஸில காசு வாங்கமாட்டினம், வங்கி அட்டையைத் தொட வேணும், ஆளுக்கு ஒரு அட்டை. ஒரு மணித்தியாலத்துக்குள்ள எத்தினை பஸ் மாறினாலும் ஒரே கட்டணந்தான். பதினொரு வயசுக்குக் கீழ எண்டால் பஸ்ஸில காசே இல்லை.

---

பழையகணக்கு

பாஸ் கேள்விக்கு வரேன். உங்க பதினேழையும் எண்ணிப் பாருங்க.

பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, நேச்சுரல் ஹிஸ்டரி, சயின்ஸ், விக்டோரியா ஆல்பர்ட், டேட் மாடர்ன், பிரிட்டிஷ் லைப்ரரி. இந்த ஏழுக்கும் நுழைவுக் கட்டணமே கிடையாது. பிக் பென், பக்கிங்ஹாம், டவர் பிரிட்ஜ் மூணும் வெளிய நின்னு பாக்கறவங்களுக்கு ஓசி. பத்து போயிடுச்சு. மிச்சம் ஏழு.

ஷார்ட் கோபுரத்துக்குப் பதிலா 22 பிஷப்ஸ்கேட் கட்டடத்துல ஹொரைசன் 22-ன்னு ஒரு காட்சித் தளம் இருக்கு. 2023-ல திறந்தது, 254 மீட்டர் உயரம், இலவசம், முன்பதிவு மட்டும் வேணும். ஷார்டோட காட்சித் தளம் 244 மீட்டர். உயரம் கூட, காசு பூஜ்யம். இதைப் பாத்தப்புறம் லண்டன் ஐங்கற 135 மீட்டர் ராட்டினத்துல அரை மணி நேரம் சுத்தறதுக்கு ஏன் காசு குடுக்கணும்னு எனக்குப் புரியல. பையன் அடம் பிடிச்சா வேற விஷயம்.

அபேயும் செயின்ட் பால்ஸும் தேவாலயங்கள்: கட்டடத்தைச் சுத்திப் பாக்கத்தான் டிக்கெட். சாயங்காலப் பாட்டு வழிபாட்டுக்கு யார் வேணும்னாலும் போய் உக்காரலாம், காசு கேக்க மாட்டாங்க. அபேல இருக்கிற நியூட்டன் கல்லறையத் தேடி எழுந்து போக முடியாது, படம் எடுக்கக் கூடாது. ஆனா அந்தக் கூரைக்குக் கீழ முக்கால் மணி நேரம் பாட்டு கேட்டுட்டு உக்காந்திருக்கலாம். முட்டி வலிக்கு இதைவிட நல்ல இடம் லண்டன்ல கிடையாது.

ஆக, மேடம் டுசாட்ஸ் மெழுகு பொம்மைக் கூடத்தை விட்டுட்டா, உண்மையில காசு குடுக்க வேண்டியது டவர் ஆஃப் லண்டன், போனா கிரீனிச் வானாய்வகம். ரெண்டு இடத்துக்கு எதுக்குப் பாஸ்? பாஸ் வாங்கினா வாங்கின காசுக்கு ஓடணுமேன்னு ஓடுவீங்க. நானும் ஒரு ஊர்ல அப்படி ஓடியிருக்கேன். கடைசி நாள் சாயங்காலம் எனக்குத் துளி விருப்பமில்லாத ஒரு மெழுகு பொம்மைக் கூடத்துல நின்னுட்டிருந்தேன், பாஸ்ல இருக்கேன்னு.

இன்னொண்ணு. இலவச மியூசியத்துக்கே 'டிக்கெட்' விக்கிற தளங்கள் தேடல்ல மேல வரும். வழிகாட்டி, வரிசை தாண்டல்னு என்னவோ சேர்த்து வித்திருப்பாங்க. மியூசியத்தோட சொந்தத் தளத்துக்கே போங்க.

---

பயணப்பை

எல்லாருக்கும் நன்றி. பாஸ் எண்ணத்தைக் கைவிட்டாச்சு. ஆனா எனக்கு ஒண்ணு இடிக்குது. இலவசம்னா இன்னும் நிறைய பாக்கலாம்தானே? அவ்வளவு தூரம் போயிட்டு பிரிட்டிஷ் மியூசியத்தை அரைகுறையா விட்டுட்டு வந்தா மனசு கேக்குமா? திரும்ப எப்ப வாய்க்கும்னு தெரியாது.

---

சுவரோவியம்

பயணப்பை, நான் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவள் (லண்டனில் இல்லை). பிரிட்டிஷ் மியூசியத்தின் சேகரிப்பில் குறைந்தது 80 லட்சம் பொருட்கள். காட்சியில் இருப்பது ஏறத்தாழ 80,000, அதாவது நூற்றில் ஒன்று. ஒரு பொருளுக்கு ஒரு விநாடி என்று நிற்காமல் பார்த்தாலும் 22 மணி நேரம் ஆகும். ஆக அரைகுறையாகத்தான் வரப்போகிறீர்கள், நானும் அப்படித்தான் வந்தேன். எந்த அரையை விடுவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள்.

இலவசம் பற்றி நீங்கள் சொல்வதை நான் தலைகீழாகப் பார்க்கிறேன். டிக்கெட் வாங்கியிருந்தால் காசுக்காகவாவது மூன்று மணி நேரம் உள்ளே கிடக்கத் தோன்றும். காசே இல்லாத இடத்தில் நாற்பது நிமிடத்தில் வெளியே வந்து, மறுநாள் இன்னொரு நாற்பது நிமிடம் போகலாம். யாரும் கேட்கப் போவதில்லை. இங்கிலாந்தின் தேசிய அருங்காட்சியகங்கள் எல்லாம் எப்போதும் இப்படி இருந்துவிடவில்லை. சவுத் கென்சிங்டனில் இருக்கும் உங்கள் இரண்டாம் நாள் மியூசியங்கள் மூன்றும் உட்படப் பல இடங்களில் கட்டணம் இருந்து, 2001 டிசம்பரில்தான் முழுக்க நீங்கியது. அந்த வசதியைப் பயன்படுத்துங்கள்.

ஒரு கதை சொல்கிறேன், கொஞ்சம் சுற்றி வரும். 1939-இல் போர் வருவதற்கு முன்பே நேஷனல் கேலரி தன் ஓவியங்களை லண்டனைவிட்டு அனுப்பிவிட்டது. பிறகு வட வேல்ஸில் மானட் என்ற இடத்தில் ஒரு சிலேட்டுக் கல் சுரங்கத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். கேலரியின் சுவர்கள் வெறுமையாக நின்றன, குண்டும் விழுந்தது. 1942 ஜனவரியில் 'டைம்ஸ்' பத்திரிகைக்கு ஒரு வாசகர் கடிதம் எழுதினார். கேலரி அப்போது புதிதாக ஒரு ரெம்பிராண்ட் ஓவியம் வாங்கியிருந்தது. எங்கள் கண்ணுக்கு எதுவுமே கிடைப்பதில்லை, அதையாவது காட்டக் கூடாதா என்பது கடிதத்தின் சாரம். காட்டினார்கள். அதிலிருந்துதான் மாதம் ஒரு ஓவியம் என்ற வழக்கம் வந்தது. சுரங்கத்திலிருந்து ஒன்றே ஒன்றைக் கொண்டுவந்து தொங்கவிடுவது. அந்த மார்ச் மாதம் வந்தது டிஷியன் வரைந்த ஓவியம். அந்த ஒரு படத்தைப் பார்க்க, குண்டு விழும் ஊரில் ஜனங்கள் வந்தார்கள்.

இப்போது அதே கேலரியின் பொறுப்பில் 2,300-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் இருக்கின்றன. நாம் சராசரியாக ஒரு படத்துக்கு முன்னால் நிற்பது அதன் பெயர்ப்பலகையை வாசிக்கும் நேரம்தான்!

உங்கள் பையனுக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள். நேஷனல் கேலரியில் ஹோல்பைன் என்ற ஓவியர் 1533-இல் வரைந்த 'தூதுவர்கள்' இருக்கிறது. இரண்டு பேர் நிற்பார்கள், காலடியில் சாம்பல் நிறத்தில் என்னவோ சாய்ந்து கிடக்கும், நேராகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. படத்தின் வலது ஓரத்துக்குப் போய்ச் சுவரை ஒட்டி நின்று பார்க்கச் சொல்லுங்கள். என்ன தெரியும் என்று இங்கே சொல்ல மாட்டேன். கிளம்பும் முன் கேலரியின் தளத்தில் அந்தப் படம் காட்சியில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கடன் கொடுத்திருப்பார்கள், துடைக்க எடுத்திருப்பார்கள். எந்தப் பொருளுக்காகப் போகிறீர்களோ அதற்கெல்லாம் இதைச் செய்யுங்கள்.

---

கடைசிப்பெட்டி

என்ன தெரியும்னு தேடிப் பாத்துட்டேன். மன்னிச்சிருங்க அக்கா.

---

நேர்நிரை

பிரிட்டிஷ் மியூசியத்துக்கே போகத் தேவையில்லை என்பது என் கருத்து. திருட்டுப் பொருட்களை வரிசையில் நின்று பார்ப்பானேன்? ஆந்திராவில் ஒரு பௌத்தத் தூபியில் இருந்த அமராவதிச் சிற்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1797-இல் கம்பெனி அதிகாரி மெக்கன்சி அந்தத் தூபி மேட்டைப் பார்க்கிறார். 1845-இல் வால்டர் எலியட் தோண்டிச் சென்னைக்குக் கொண்டுவருகிறார். 1859-இல் கப்பலேற்றி லண்டனுக்கு அனுப்புகிறார்கள். கேட்டால் 1963-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மியூசியம் சட்டத்தைக் காட்டி, கொடுக்க எங்களுக்கு அதிகாரமில்லை என்பார்கள்.

---

சுவரோவியம்

தேதிகள் சரி, கோபமும் நியாயம். ஆனால் அதற்காகப் போகாமல் இருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 33-ஆம் அறையின் கோடியில் 33அ என்று கண்ணாடிக்குள் ஒரு கூடம் இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட அமராவதிக் கற்கள் அங்கேதான். எகிப்திய எழுத்தைப் படிக்க உதவிய ரொசெட்டா கல்லைச் சுற்றி ஐந்து அடுக்கு ஆட்கள் நிற்கும்போது, நான் போன அன்று இந்தக் கூடத்தில் காவலரும் நானும் மட்டும் இருந்தோம். எங்கிருந்து எப்படி வந்தது என்று தெரிந்த நாமும் போகாவிட்டால் அந்தக் கற்களை யார் பார்ப்பது?

---

நேர்நிரை

பார்ப்பதால் அவர்களுக்கு வருகைக் கணக்கு ஏறுகிறது. 2024-இல் 64 லட்சம் பேருக்கு மேல் வந்திருக்கிறார்கள். அதைக் காட்டித்தான் உலகம் முழுவதும் இங்கே வந்து பார்க்கிறது, இங்கேயே இருக்கட்டும் என்கிறார்கள்.

---

மட்டுறுத்துனர்

இரண்டு பக்கமும் நல்ல வாதம். ஆனால் கிரேக்கம் திருப்பிக் கேட்கும் பார்த்தெனான் சிற்பம் வரை போய்த்தான் நிற்கும் என்று அனுபவம் சொல்கிறது. தனி இழை திறந்திருக்கிறேன், அங்கே தொடருங்கள். இங்கே பயணப்பையின் நாலு நாளைப் பார்ப்போம்.

---

ரெண்டுமுட்டி

நான் அம்மா வயசுக்காரி, அவங்க சார்பா பேசறேன். மியூசியத்துல நடக்கறது கஷ்டமில்ல தம்பி. நின்னு நின்னு நகர்றதுதான் உயிர் போகும். வெளிய அரை மணி நடந்தா வராத வலி, உள்ள பத்து நிமிஷம் நின்னா வந்துரும். பெரிய மியூசியங்கள்ல சக்கர நாற்காலி இரவல் தருவாங்க, மடக்கு நாற்காலியும் சில இடத்துல கிடைக்கும், வாசல்ல கேளுங்க. அம்மா வேணாம்னுதான் சொல்வாங்க. ரெண்டு தடவை கேளுங்க.

டவர் ஆஃப் லண்டன்ல தரை முழுக்கக் கல் பாவினது, மேடு பள்ளம். நடுவுல இருக்கிற வெள்ளைக் கோபுரத்துல சுழல் படிக்கட்டு. அம்மாவை அதுல ஏத்தாதீங்க. நகைகள் இருக்கிற கட்டடம் சுலபம், கிரீடங்களுக்கு முன்னாடி தரையே உங்களை நகர்த்திட்டுப் போகும். கதவு திறந்ததும் நேரா அங்க போயிடுங்க, மத்ததெல்லாம் அப்புறம். உள்ள படம் எடுக்க விடமாட்டாங்க.

கிரீனிச் வானாய்வகம் செங்குத்தான மேட்டுல இருக்கு. அம்மாவை கீழ கடல்சார் அருங்காட்சியகத்துல உக்கார வெச்சுட்டு நீங்க மூணு பேர் மட்டும் ஏறிட்டு வாங்க. அந்த அருங்காட்சியகம் இலவசம்.

---

பழையகணக்கு

கிரீனிச் பத்தி ஒரு துணுக்கு, பையனுக்கு உபயோகப்படும். அங்க உலோகக் கோட்டுல ரெண்டு பக்கமும் கால் வெச்சு நிப்பாங்க இல்லையா, கிழக்கு அரைக்கோளம் மேற்கு அரைக்கோளம்னு. அங்க நின்னு போன்ல ஜிபிஎஸ் பாக்கச் சொல்லுங்க. பூஜ்யம் காட்டாது. ஜிபிஎஸ்ஸோட பூஜ்யக் கோடு அங்கிருந்து 102 மீட்டர் கிழக்கால, பூங்காவுக்குள்ள போகுது. பழைய காலத்துல தொலைநோக்கியை அந்த இடத்துப் புவியீர்ப்புத் திசையை வெச்சு நேர்படுத்தினாங்க. செயற்கைக்கோள் பூமியோட மையத்தை வெச்சு அளக்குது. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த 102 மீட்டர். காசு குடுத்து உள்ள நிக்கறவங்க பிழையான கோட்டுல நிக்கறாங்க, பூங்காவுல நாய் கூட்டிட்டுப் போறவர் சரியான கோட்டைத் தாண்டிட்டிருக்கார். (பிழைன்னு சொன்னா சண்டைக்கு வருவாங்க. பூஜ்யக் கோட்டைத் தீர்மானிச்ச 1884 மாநாட்டுக் கணக்குப்படி அந்த உலோகக் கோடுதான் சரி.)

---

தேம்ஸ்கரை

சின்ன இடம் ஒண்டையும் சேருங்கோ. லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில சர் ஜான் சோன் எண்ட கட்டடக் கலைஞரின்ர வீடு. தான் இருந்த மாதிரியே வைச்சிருக்க வேணுமெண்டு 1833-ல பாராளுமன்றத்தில சட்டமே போடுவிச்சவர். பிரிட்டிஷ் மியூசியம் விலை கூடவெண்டு விட்ட எகிப்திய அரசன் முதலாம் சேத்தியின்ர கல்சவப்பெட்டியை 1824-ல 2,000 பவுண்டுக்கு வாங்கி நிலவறையில வைச்சவர். படம் தொங்குற சுவரையே கதவு மாதிரித் திறந்து காட்டுவினம், உள்ளுக்கும் படம். மகனுக்குப் பிடிக்கும். இலவசம். திங்கள், செவ்வாய் பூட்டு. ஒடுங்கின வீடு, பெரிய பையோட போக வேண்டாம்.

---

பயணப்பை

திருத்தின திட்டம். திட்டுங்க.

புதன்: பத்து மணிக்கு நேச்சுரல் ஹிஸ்டரி, மதியம் வரைக்கும். மதியத்துக்கு மேல பையனும் நானும் சயின்ஸ் மியூசியத்துல அப்பல்லோ 10 விண்கலம் மட்டும். அம்மாவும் மனைவியும் விக்டோரியா ஆல்பர்ட்.
வியாழன்: டவர், நகைகள் முதல்ல. 15-ம் நம்பர் பஸ்ல செயின்ட் பால்ஸ் பாட்டு வழிபாடு.
வெள்ளி: காலையில சோன் வீடு. மதியம் ஓய்வு. சாயங்காலம் பிரிட்டிஷ் மியூசியம்.
சனி: நேஷனல் கேலரியில ஒரு மணி நேரம், அப்புறம் படகுல கிரீனிச்.

பதினேழு ஒன்பதாகிடுச்சு. மனைவி இந்த இழையை முழுசாப் படிச்சுட்டு உங்க எல்லாருக்கும் நன்றி சொல்லச் சொன்னாங்க.

---

கடைசிப்பெட்டி

"மதியம் ஓய்வு"ன்னு எழுதியிருக்கீங்க. எக்செல் ஒத்துக்கிச்சா?

---

பயணப்பை (மூன்று வாரம் கழித்து)

வந்து சேர்ந்தாச்சு. சுருக்கமாச் சொல்லிடறேன்.

நேச்சுரல் ஹிஸ்டரிக்கு ஒன்பதே முக்காலுக்கே போய் நின்னோம். டைனோசர் கூடத்துல பையன் பயந்துட்டான், பொம்மை கர்ஜிச்சதுக்கில்ல, ஜனங்க சத்தத்துக்கு. ஆனா நடு மண்டபத்துல தொங்குற நீலத் திமிங்கல எலும்புக்கூட்டை விட்டு நகர மாட்டேன்னுட்டான். 25 மீட்டர் நீளம், 1891-ல அயர்லாந்துக் கரை ஒதுங்கினதாம். மேல் மாடிக்குப் போய் அதோட தலைக்கு நேரா நின்னான், கீழ வந்து வாலுக்குக் கீழ படுத்தான். முக்கால் மணி நேரம். பழைய திட்டத்துல அந்த நேரம் இருந்திருக்காது.

டவர்ல அம்மா கோஹினூரைப் பாத்தாங்க. சின்ன வயசுலேர்ந்து கேட்டிட்டிருந்த பேர். நகர்ற தரையில போய் இறங்கினதும் "எது?"ன்னாங்க. மறுபடி ஏத்தினோம். 105 காரட்டுன்னேன். "இவ்வளவுதானா? பக்கத்துல செங்கோல்ல இருக்கறது இதைவிடப் பெருசா இருக்கே"ன்னாங்க. அது குல்லினன் வைரம், 530 காரட். ஆயிரம் பேருக்கு நடுவுல கண்டுபிடிச்சிட்டாங்க.

சோன் வீட்டுல ஒரு கோமாளித்தனம். நான் முதுகுப்பையோட போயிட்டேன். அதை நெஞ்சுல மாட்டிக்கிட்டு அந்த ஒடுக்கமான வழியில பக்கவாட்டுல நடந்தேன். சுவர் திறந்தப்ப பையன் கத்திட்டான்.

வெள்ளி சாயங்காலம் பிரிட்டிஷ் மியூசியம். சுவரோவியம் சொன்னபடி நேரா 33-ம் அறை. முதல்ல நடராசர், 1100 வாக்கில் வார்த்த சோழர் காலத்துச் செப்புத் திருமேனி. அம்மா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க, காவலர் பாத்துட்டுத் திரும்பிக்கிட்டார். அங்கிருந்து கோடியில அமராவதிக் கூடம். எங்களைத் தவிர ரெண்டே பேர். சக்கர நாற்காலி ரெண்டாவது தடவை கேட்டப்பதான் வாங்கிக்கிட்டாங்க (ரெண்டுமுட்டி அம்மாவுக்கு நன்றி). ஒரு கல்லுல யானை ஒண்ணு மண்டி போட்டிருக்கும், அதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் இருந்தாங்க. நேர்நிரை, உங்க வாதத்தை அம்மாகிட்ட அப்படியே சொன்னேன். "கொண்டு வந்தது தப்புதான். வந்துட்டோம், பாத்துட்டுப் போவோம்"னாங்க. ரொசெட்டா கல்லை நாங்க பாக்கவே இல்ல. எட்டு இருபதுக்கு மணி அடிச்சு வெளிய அனுப்பினாங்க.

சனிக்கிழமை மழை. கிரீனிச்சை விட்டுட்டு நேஷனல் கேலரியிலயே இருந்துட்டோம். தூதுவர்கள் படத்துக்கு வலது ஓரத்துல பையன் சுவரை ஒட்டி நின்னான். தெரிஞ்சதும் வந்தவங்க போனவங்களையெல்லாம் கையைப் பிடிச்சு இழுத்து அந்த இடத்துல நிறுத்த ஆரம்பிச்சிட்டான்.

---

சுவரோவியம்

யாராவது ஒருவராவது தெரியவில்லை என்றாரா?

---

பயணப்பை

ஒரு தாத்தா. அவரைக் குனிய வெச்சுக் காட்டினான்.

---

தேம்ஸ்கரை

கிரீனிச் மிச்சம் இருக்குது தம்பி. அடுத்தமுறை அரைத்தவணை லீவில வராதேங்கோ.